ஒத்து முதல் மின்னணுச் சுருதிப்பெட்டி வரை: காவிரிப் படுகையில் சுருதிக் கருவிகள் மாறிய வரலாறு

மின்னணுச் சுருதிப்பெட்டி என்பது கச்சேரிக்கும் பயிற்சிக்கும் வேண்டிய ஆதார சுருதியை மின்சுற்றின் வழியாக இடைவிடாமல் ஒலிக்கும் கருவி. மேலை நாட்டு வீடுகளில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த மின்னணு ஆர்கனின் மிகச் சிறிய உறவினர் என்று இதைக் கூறலாம். இரண்டிலும் ஒலியைப் பிறப்பிக்கும் முறை ஒன்றே. ஆர்கனில் விரல் வைத்து வாசிக்கக் கட்டைகள் உண்டு. சுருதிப்பெட்டியில் திருகுகள் மட்டும் உண்டு. தஞ்சாவூரையும் அதைச் சுற்றிய காவிரிப் படுகையையும் பொறுத்தவரை, வீடுகளிலும் கோயில்களிலும் மிகுதியாகப் புழங்கும் மின்னணு இசைக்கருவிகளில் இதுவும் ஒன்று.

இக்கருவி வெற்றிடத்தில் வந்து அமரவில்லை. இதற்கு முன் அதே வேலையை ஒத்து, துருத்தி, தம்புரா, துருத்தியால் இயங்கும் சுருதிப்பெட்டி ஆகியவை செய்தன. ஒவ்வொன்றும் பழுதாகும் விதம் வேறு. பழுது பார்ப்பவரும் வேறு. ஒரு கருவியின் இடத்துக்கு இன்னொன்று வந்தபோது ஒலி மட்டும் மாறவில்லை. அந்த ஒலியைத் தாங்கி நின்ற ஆளின் நிலையும் மாறியது. நாகசுர மேளத்தில் இந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

சுருதியின் தேவை

தென்னிந்திய இசையில் எல்லாச் சுரங்களும் ஒரு சட்ஜத்தை அடிப்படையாகக் கொண்டு அளக்கப்படுகின்றன. அந்தச் சட்ஜம் இசை முடியும் வரை ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனுடன் பஞ்சமமும் மேல் சட்ஜமும் சேர்ந்து ஒலிப்பது வழக்கம். பஞ்சமம் இல்லாத ஸ்ரீரஞ்சனி, ஹிந்தோளம் போன்ற ராகங்களுக்குப் பஞ்சமத்துக்குப் பதிலாக மத்தியமத்தை வைத்துக்கொள்வதும் உண்டு.

சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 2:3. சட்ஜம் நொடிக்கு 240 அதிர்வுகள் கொண்டதானால், பஞ்சமம் 360 அதிர்வுகள் கொண்டிருக்க வேண்டும். அப்போது சட்ஜத்தின் மூன்றாவது மேலொலியும் பஞ்சமத்தின் இரண்டாவது மேலொலியும் 720 என்ற ஒரே இடத்தில் கூடுகின்றன. பஞ்சமம் 361 ஆகிவிட்டால் ஒன்று 720, மற்றொன்று 722 என்று பிரிந்து, நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். இந்த அலைச்சலைத்தான் பாடகர்கள் ‘சுருதி சேரவில்லை’ என்கிறார்கள். ஒரே ஓர் அதிர்வு விலகினாலும் பழகிய காது கண்டுபிடித்துவிடும். ஆகவே சுருதிக் கருவியிடம் எதிர்பார்க்கப்படும் முதல் குணம் அசையாத நிலை.

ஒத்து

காவிரிப் படுகையின் பெரிய மேளம் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்ற அமைப்பைக் கொண்டிருந்தது. ஒத்து பார்வைக்கு நாகசுரம் போலவே இருக்கும். மரக்குழல், சீவாளி, அடியில் அணைசு ஆகிய மூன்றும் அதற்கும் உண்டு. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் மட்டும் இல்லை. குழலின் கீழ்ப்பகுதியில் சில துளைகள் இருக்கும். அவற்றை மெழுகால் முழுவதுமாகவோ பாதியாகவோ அடைத்து, நாகசுரத்தின் சட்ஜத்தோடு ஒத்தின் ஒலியைச் சேர்ப்பார்கள். ஒத்திலிருந்து வருவது ஒரே சுரம்தான்.

அந்த ஒரு சுரம் இடையில் அறுபடக் கூடாது. ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி வாய்வழியே வெளியேற்றிக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளிழுக்கப் பழகியிருக்க வேண்டும். சுவாமி புறப்பாட்டின்போது மேளக்காரர்கள் நடந்துகொண்டும் நின்றுகொண்டும் பல மணி நேரம் வாசிப்பார்கள். நாகசுரக்காரர்கள் மாறி மாறி ஓய்வெடுக்கலாம். தவில் வாசிப்பு நடக்கும்போது இருவருமே சற்று நிற்கலாம். ஒத்துக்காரருக்கு அந்த ஓய்வு அரிது.

தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘ஒத்து ஊதுவது’ என்றால் சொந்தக் கருத்தில்லாமல் ஆமாம் போடுவது என்று பொருள். அந்த வேலையை வெளியிலிருந்து பார்த்தவர்களின் மதிப்பீடு அது. மேளத்துக்குள் அதன் பொருள் வேறு. நாகசுரம் கற்கும் சிறுவர்கள் பலர் குருவுக்கு ஒத்து ஊதித்தான் தொழிலைத் தொடங்கினார்கள். வாசிக்க இன்னும் அனுமதி கிடைக்காத மாணவன் குருவின் பக்கத்தில் நின்று, ஒரு ராக ஆலாபனை தொடங்கி முடியும் வரை கேட்டான். எந்த வீதியில் மல்லாரி, எந்த இடத்தில் ராகம், எங்கே கீர்த்தனை என்ற கோயில் முறையும் அவனுக்கு அப்படியே பழகியது. மூச்சுப் பயிற்சியும் சுருதி ஞானமும் கேள்வி ஞானமும் ஒரே வேலையில் கிடைத்தன. அதற்கு ஒரு பங்கு ஊதியமும் உண்டு.

ஒத்தைப் பழுது பார்க்கும் அறிவும் நாகசுரம் செய்யும் ஊர்களிலேயே இருந்தது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்தில் நாகசுரம் கடைவதற்குப் பெயர் பெற்றது. காவிரிக் கரையில் வளரும் ஒருவகை நாணல் தட்டையிலிருந்து செய்யப்படும் சீவாளிக்குத் திருவாவடுதுறை பெயர் பெற்றது. சீவாளி தேய்ந்தால் மாற்றலாம்; மெழுகு உதிர்ந்தால் ஊதுபவரே மீண்டும் வைத்துக்கொள்ளலாம்.

துருத்தியும் தம்புராவும்

சதிர் ஆட்டத்துக்குரிய சின்ன மேளத்தில் ஒத்து இல்லை. அங்கே தோல் பையில் காற்றை நிரப்பி, கையிடுக்கில் அழுத்தி ஒலிக்கச் செய்யும் துருத்தி என்ற கருவி சுருதி தந்தது. அதை வைத்திருப்பவரும் நட்டுவனார், முட்டுக்காரர் ஆகியோருடன் ஆடுபவரின் பின்னால் நின்றார். ஆட்டம் நகரும்போது அவரும் நகர்ந்தார்.

அமர்ந்து பாடும் இசைக்கு உரியது தம்புரா. தஞ்சாவூர் வீணையைப் போலவே தஞ்சாவூர்த் தம்புராவும் பலா மரத்தில் செய்யப்படுகிறது. நான்கு தந்திகளில் ஒன்று பஞ்சமத்துக்கும், இரண்டு மேல் சட்ஜத்துக்கும், ஒன்று மந்தர சட்ஜத்துக்கும் கூட்டப்படும். குதிரையின் மேல் தந்திக்கும் பரப்புக்கும் இடையே செருகும் ஜீவா என்ற நூல்தான் தம்புராவின் ரீங்காரத்துக்குக் காரணம். நூல் மயிரிழை நகர்ந்தாலும் நாதம் மங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் தந்தியின் சுருதி மாறும். தம்புராவைக் கூட்டத் தெரிவதே சங்கீதத்தில் ஒரு தேர்ச்சியாகக் கருதப்பட்டது.

தம்புராவின் ஒலி மென்மையானது. திறந்த வெளியில் முழங்கும் திமிரி நாகசுரத்துக்கு அது ஈடு கொடுக்காது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) காலத்தில் இந்த நிலை மாறியது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகச் சுருதி இறங்கிய, நீளமான பாரி நாகசுரத்தைச் சீர்செய்து கொடுத்தார். மேடைக் கச்சேரியும் ஒலிபெருக்கியும் பரவிய காலம் அது. ராஜரத்தினம் பிள்ளை ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். வாய்ப்பாட்டுக்கு உரிய மதிப்பு நாகசுரத்துக்கும் மேடையில் உண்டு என்பதை அது காட்டியது. ஒத்து நாகசுரத்தோடு பிரிக்க முடியாதது என்ற எண்ணம் அதனால் தளர்ந்தது.

ஆர்மோனியமும் ‘கட்டை’யும்

உலோக நாக்குகளைக் காற்றால் அதிரச் செய்யும் ஆர்மோனியத்துக்குப் பாரிசைச் சேர்ந்த அலெக்சாந்தர் தெபேன் 1840களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். காலால் மிதிக்கும் பெரிய கருவியாக அது இந்தியாவுக்கு வந்தது. தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கும் சிறிய வடிவத்தைக் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் 1880களில் பரப்பினார். தமிழ்நாட்டில் நாடக மேடை அதை விரைவில் ஏற்றுக்கொண்டது.

அந்த ஆர்மோனியத்திலிருந்து வாசிக்கும் கட்டைகளை நீக்கிவிட்டு, சட்ஜமும் பஞ்சமமும் தரும் நாக்குகளை மட்டும் விட்டால் கிடைப்பது சுருதிப்பெட்டி. துருத்தி, நாக்கு, காற்றுவழியைத் திறந்து மூடும் சிறு மூடிகள் ஆகியவையே இதன் உறுப்புகள். மூச்சைப் பழக்க வேண்டியதில்லை. தந்தியைக் கூட்ட வேண்டியதில்லை. கை அசைந்தால் போதும். எனவே இது பாட்டு வகுப்புக்கும் கதாகாலட்சேபத்துக்கும் நடனத்துக்கும் பரவியது. மேடை நாகசுரத்திலும் இடம் பிடித்தது.

ஆர்மோனியம் விட்டுச்சென்ற தடம் சொல்லிலும் இருக்கிறது. சுருதியின் உயரத்தை இன்றும் ‘கட்டை’ என்றே குறிப்பிடுகிறார்கள். அது ஆர்மோனியத்தின் கட்டை. மேலை இசையின் ‘சி’ ஒரு கட்டை, ‘டி’ இரண்டு கட்டை, ‘எஃப்’ நான்கு கட்டை, ‘ஜி’ ஐந்து கட்டை. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை என எண்ணப்படும். வானொலி ஆர்மோனியத்தை விலக்கிவைத்த காலத்திலும் இந்தச் சொல் மறையவில்லை. படுகையின் கலைஞர்கள் பாடிய திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கப்பட்டது. அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. கமகத்தைத் தர இயலாது என்பதும், அதன் சுரத்தானங்கள் இந்திய இசைக்குப் பொருந்தா என்பதும் கூறப்பட்ட காரணங்கள். 1970களில்தான் தடை தளரத் தொடங்கியது. நிலையான சுருதியை மட்டும் தரும் பெட்டிக்கு முதல் குறை பொருந்தாது. அதன் நாக்குகளைத் தூய பஞ்சமத்துக்குச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதால் இரண்டாவது குறையையும் நீக்கலாம்.

துருத்திப் பெட்டியின் பழுதுகளை ஆர்மோனியம் செய்பவரே கவனித்தார். துருத்தியின் மடிப்புகள் கிழியும்; எலி கடிக்கும்; தோல் காய்ந்து காற்று கசியும். நாக்கில் தூசு படிந்தால் ஒலி அடைக்கும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பகுதியைச் சுரண்டினால் இறங்கும். ஒவ்வொரு சுரண்டலிலும் உலோகம் குறைவதால் அதையும் அளவோடுதான் செய்ய முடியும்.

மின்னணு ஆர்கனிலிருந்து சுருதிப்பெட்டிக்கு

அமெரிக்காவின் லாரன்ஸ் ஹாம்மண்டு 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் ஆர்கன் 91 சுழலும் உலோகச் சக்கரங்களால் சுரங்களை உண்டாக்கியது. பிறகு வந்த டிரான்சிஸ்டர் ஆர்கன்களில் சக்கரங்கள் இல்லை. அவற்றில் மேல் தாயியின் 12 சுரங்களுக்கு உரிய அதிர்வுகளை மின்சுற்றுகள் உண்டாக்கின. ஒரு சுரத்தின் அதிர்வை இரண்டால் வகுத்தால் அதே சுரம் ஒரு தாயி கீழே கிடைக்கும். மீண்டும் வகுத்தால் இன்னொரு தாயி கீழே. இப்படி அதிர்வியும் வகுப்பியும் கொண்டு ஒரு முழு ஆர்கனைச் சிறு மரப்பெட்டிக்குள் அடக்க முடிந்தது. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1959இல் எலக்டோன் வரிசையைத் தொடங்கியது.

12 சுரங்களுக்கும் சுற்று வேண்டும் என்பதால் ஆர்கனுக்கு விலை அதிகம். இந்தியச் சுருதிக்கு இரண்டு அதிர்விகளே போதும்: சட்ஜத்துக்கு ஒன்று, பஞ்சமத்துக்கு ஒன்று. மேல் சட்ஜத்தையும் கீழ்ச் சட்ஜத்தையும் வகுப்பியே தந்துவிடும். அவற்றோடு ஒரு சிறு ஒலிபெருக்கியும் மின்கலமும் சேர்ந்தால் சுருதிப்பெட்டி தயார். பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவருடைய ரேடல் நிறுவனத்தின் கருவிகள் இசைக் குடும்பங்களில் பரவலாக அறியப்பட்டன. சுருதிப்பெட்டி ஒலியைத் தொடர்ந்து நிறுத்தித் தருகிறது. மின்னணுத் தம்புரா நான்கு தந்திகளை வரிசையாக மீட்டுவது போன்ற ஒலியைத் தருகிறது.

நாகசுரத்துக்கு இந்தப் பெட்டி பொருந்தியதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. துருத்திப் பெட்டியின் ஒலியைக் கோயில் வீதியில் கேட்க முடியாது. மின்னணுப் பெட்டியின் ஒலியைக் கம்பி வழியே நேராக ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோகலாம். முழக்கத்தில் ஒத்துக்கு ஈடாக நிற்கக்கூடிய முதல் மாற்று இதுதான்.

பழுதுகளும் அவற்றின் காரணங்களும்

பழைய மின்னணுப் பெட்டிகளில் காணும் பழுதுகள் வீட்டு ஆர்கனில் காண்பவையே.

முதலாவது, சுருதி நகர்வது. மின்தடைகளும் மின்தேக்கிகளும் வெப்பத்திலும் காலப்போக்கிலும் அளவு மாறும். மின்கலம் இறங்கினாலும் அதிர்வு மாறலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சட்ஜத்தின் அதிர்வி நகர்ந்தால் அதிலிருந்து வகுக்கப்பட்ட சட்ஜங்கள் எல்லாம் சேர்ந்தே நகரும். அவை தமக்குள் சரியாகவே இருக்கும். பஞ்சமம் மட்டும் விலகியதாகத் தோன்றும். திருக வேண்டியது எந்தத் திருகு என்பதை வேறொரு சுருதியோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும்.

இரண்டாவது, திருகும்போது கரகரப்பு. திருகுக்குள் இருக்கும் கரித்தடத்தில் தூசும் ஈரமும் சேர்வதே காரணம். துடைத்தால் சில காலம் சரியாகும்; தடம் தேய்ந்திருந்தால் திருகையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, உறுமல். மின் இணைப்பில் இயங்கும் பெட்டியில் மின்சாரத்தைச் சமன் செய்யும் பெரிய மின்தேக்கி உலர்ந்துவிட்டால், நொடிக்கு 100 அதிர்வு கொண்ட உறுமல் கலக்கும். பெண்கள் பலர் பாடும் ஐந்து கட்டையில் மந்தர சட்ஜம் ஏறக்குறைய 98. உறுமல் அதனருகே விழுவதால் இரண்டும் மோதி அலையும். பஞ்சமத்தை எவ்வளவு திருகினாலும் இந்த அலைச்சல் தீராது. மின் இணைப்பை எடுத்துவிட்டு மின்கலத்தில் ஒலிக்கச் செய்து பார்ப்பது எளிய சோதனை. அலைச்சல் நின்றால் குற்றம் மின்தேக்கியில்தான்.

நான்காவது, மின்கலக் கசிவு. பயன்படுத்தாமல் மாதக்கணக்கில் உள்ளேயே விட்ட மின்கலம் கசிந்து தகடுகளையும் பற்றவைப்புகளையும் அரித்துவிடும். பழைய பெட்டிகள் ஒரேயடியாக ஊமையாவதற்கு இது முக்கியமான காரணம்.

பழுது பார்ப்பதா, உள்ளுறுப்பை மாற்றுவதா, புதிது வாங்குவதா

மேற்சொன்ன நான்கையும் வானொலிப் பெட்டி பழுது பார்த்த எவரும் சரிசெய்யலாம். உறுப்புகள் பெரியவை, விலை குறைந்தவை. பிற்காலப் பெட்டிகள் ஒற்றைச் சில்லுக்குள் பதிந்த ஒலிகளைக் கொண்டவை. அவற்றில் சுருதி நகராது. ஆனால் சில்லு கெட்டால் அதே சில்லு வேண்டும். தயாரிப்பு நின்றுபோன மாதிரிக்கு அது கிடைப்பது கடினம். மேலை நாட்டு வீட்டு ஆர்கன்களும் இதே நிலையை அடைந்தன. 1980 முதல் வந்த விலை குறைந்த கீபோர்டுகள் அவற்றின் சந்தையைப் பறித்தன. உதிரி உறுப்பு இல்லாத பெரிய ஆர்கன்கள் வீட்டுக்குச் சுமையாயின. சிலர் மரக்கூட்டையும் கட்டைகளையும் வைத்துக்கொண்டு உள்ளே கணினி ஒலியைப் பொருத்தினார்கள்.

சுருதிப்பெட்டியில் அப்படி உள்ளுறுப்பை மாற்றுவது அதிகம் பயன் தராது. காக்கத்தக்க கட்டைகளோ வேலைப்பாடுள்ள மரக்கூடோ அதில் இல்லை. இன்று அதன் நேரடிப் போட்டி கைபேசிச் செயலி. செயலியின் சுருதி பிசகாது. பஞ்சமம், மத்தியமம் எதையும் தேர்ந்துகொள்ளலாம். அதன் குறை கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி. ஐந்து கட்டையின் மந்தர சட்ஜம் அதில் கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை, மேலொலிகளே கேட்கின்றன. பாடுபவர் சாய்ந்துகொள்ள வேண்டிய அடித்தளம் மெலிந்துவிடுகிறது. நடுவே அழைப்பு வந்தால் சுருதியும் நின்றுவிடும். ஆகவே சிறு பழுதுள்ள பழைய பெட்டியை நல்ல ஒலிபெருக்கியோடு சரிசெய்து வைத்துக்கொள்வது வீணான ஆசை அல்ல. கச்சேரி மேடையில் இன்னமும் தம்புரா வைக்கப்படுவதற்கும் இதே போன்ற காரணம் உண்டு: மின்னணு ஒலி சரியாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மீட்டிலும் மாறும் மேலொலிகளின் செழுமை மரத்திலும் தந்தியிலும் பிறப்பது.

ஒத்துக்காரரின் இடம்

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒத்து நாகசுர மேளங்களிலிருந்து பெரும்பாலும் மறைந்தது. மாற்றத்தைக் குறை கூறுவது எளிது. அதற்கான காரணங்களும் வலுவானவை. பெட்டி களைப்பதில்லை, பங்கு கேட்பதில்லை. கோயில் மானியங்களும் பெரிய புரவலர்களும் குறைந்த காலத்தில், கிடைக்கும் ஊதியத்தை ஓர் ஆள் குறைவாகப் பிரித்துக்கொள்வது குழுவுக்கு உதவியது. மூச்சு இறங்கும்போது ஒத்தின் சுருதியும் இறங்கும் என்ற தொல்லையும் இல்லாமல் போனது.

ஆனால் ஒத்தின் இடத்தில் வைக்கப்பட்ட பெட்டி, ஒத்து செய்த இரண்டு வேலைகளில் ஒன்றை மட்டுமே ஏற்றுக்கொண்டது. சுருதி தருவது ஒரு வேலை. வாசிக்கத் தெரியாத மாணவனுக்கு மேளத்துக்குள் ஊதியத்தோடு ஓர் இடம் தருவது இன்னொரு வேலை. இரண்டாவதை யாரும் திட்டமிட்டு நீக்கவில்லை. முதலாவது போனதும் அதுவும் சேர்ந்து போனது. இன்று திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. பரம்பரைக் குடும்பங்களுக்கு வெளியிலிருந்தும் மாணவர்கள் சேர முடிகிறது. இது பழைய முறை தராத நன்மை. இரவு முழுவதும் குருவின் அருகில் நின்று ஒரே சுரத்தைப் பிடித்தபடி அவர் வாசிப்பைக் கேட்கும் வாய்ப்பை வகுப்பறை தர இயலாது.

நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. மரமும் கடைசலும் பாதுகாக்கப்பட வேண்டியவை என்ற ஏற்பு அதில் இருக்கிறது. ஒத்துக்கு மரமும் சீவாளியும் இன்றும் அதே ஊர்களில் கிடைக்கும். அதைச் செய்யும் அறிவு நாகசுரம் செய்யும் அறிவோடு சேர்ந்தது. கருவியைத் திரும்பச் செய்வது கடினமல்ல. மேளத்தின் ஊதியத்தில் ஒரு கற்றுக்குட்டிக்கு மீண்டும் பங்கு ஒதுக்க முடியுமா என்பதைப் பொறுத்தே ஒத்து திரும்பி வருவது அமையும்.